40 ஆண்கள்... 4 பெண்கள்... ஒரு நூலகம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. காபி டம்ளரோடு பால்கனியில் உட்கார்ந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் படபடவென்று படங்கள் வந்து விழுந்தன. அனுப்பியவள் என் அக்கா மகள். அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் மேற்படிப்பு படிக்கிறாள்.

முதல் படத்தைத் திறந்தேன். முடிவே தெரியாத நீளத்தில் ஒரு கூடம். இரண்டு பக்கமும் கருத்த மர அலமாரிகள், இரண்டு அடுக்கு உயரத்துக்கு. மேலே, ஒரு பெரிய பீப்பாயை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்ததுபோல் வளைந்த மரக்கூரை. எல்லாம் அழகுதான். ஆனால், அலமாரிகளில் ஒரு புத்தகம்கூட இல்லை!

உடனே போன் போட்டேன். "என்னடி இது... லைப்ரரியைக் காலி பண்ணிட்டாங்களா?"

"ஆமா சித்தி! ஆனா டிக்கெட் வாங்கிட்டு வர்ற கூட்டத்தைப் பாருங்க. நிக்க இடமில்ல" என்று சிரித்தாள். அப்புறம், "அடுத்த படத்துல அலமாரிக்கு முன்னாடி வரிசையா சிலை இருக்கு பாருங்க. அதுல ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. நீங்களே கண்டுபிடிங்க" என்று புதிர் போட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நான் 26 வருடம் ஒரு பெண்கள் பள்ளியில் நூலகராக இருந்தவள். காலி அலமாரியைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். அன்று இரவு உட்கார்ந்து அந்த நூலகத்தைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். சிலைகளின் கணக்கும் புரிந்தது. என்னுடைய பழைய கணக்கு ஒன்றும் கூடவே நினைவுக்கு வந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கூரையையே உயர்த்திய நூலகம்

அவள் போயிருந்தது டிரினிட்டி கல்லூரியின் பழைய நூலகம். டிரினிட்டி என்பது டப்ளின் பல்கலைக்கழகம்தான். முதலாம் எலிசபெத் ராணியின் ஆணைப்படி 1592-ல் தொடங்கப்பட்டது. நூலகக் கட்டடத்தை 1712-ல் ஆரம்பித்து 1732-ல் முடித்தார்கள். 20 வருட வேலை!

முதல் மாடியில் இருக்கும் அந்தக் கூடத்துக்குப் பெயர் 'லாங் ரூம்'. ஏறக்குறைய 65 மீட்டர் நீளம். அந்தக் காலத்தில் கீழ்த்தளத்தைச் சுவர் வைத்து அடைக்கவில்லை. வெறும் வளைவுகளோடு திறந்த மண்டபமாக விட்டிருந்தார்கள். தரை ஈரம் புத்தகங்களுக்கு ஏறிவிடக் கூடாது என்ற முன்யோசனை.

1801-ல் இந்த நூலகத்துக்கு ஓர் உரிமை கிடைத்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வெளியாகும் நூல்களில் ஒரு பிரதியை விலையில்லாமல் பெறும் உரிமை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருகிற புத்தகங்களை எங்கே வைப்பது? 1850-களில் அலமாரிகள் நிரம்பி வழிந்தன. "இடமில்லை, இனி வேண்டாம்" என்று அவர்கள் சொல்லவில்லை. தட்டையாக இருந்த கூரையைப் பிரித்து, 1860-ல் மேலே உயர்த்தினார்கள். இன்று நாம் வாய்பிளந்து பார்க்கும் அந்த வளைந்த மரக்கூரையும் மேல் அடுக்கு அலமாரிகளும் அப்படி வந்தவைதான். அதுவும் போதாமல் 1892-ல் கீழே திறந்து கிடந்த மண்டபத்தையும் அடைத்து, அங்கேயும் புத்தகங்களை வைத்தார்கள்.

மனம் இருந்தால் இடம் உண்டு என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வார்களே... அதேதான்.

புத்தகங்கள் எங்கே போயின?

2019 ஏப்ரலில் பாரிஸின் நோட்ரடாம் தேவாலயம் தீப்பிடித்து எரிந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். டிரினிட்டிக்காரர்களையும் அது உலுக்கிவிட்டது. லாங் ரூமில் கூரை மரம், அலமாரி மரம், நடுவில் 2 லட்சம் பழைய புத்தகங்கள். ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு நூற்றாண்டுகளாகப் படிந்த தூசியும், நகர வாகனங்களின் புகையும் வேறு.

ஆகவே, கட்டடத்தைப் பழுதுபார்த்துத் தீத்தடுப்பு வசதிகளைப் புதுப்பிக்கப் பெரிய திட்டம் ஒன்றைப் போட்டார்கள். அதன் முதல் வேலைதான் புத்தகங்களை வெளியே எடுப்பது. ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து, சிறிய வாக்குவம் கருவியால் தூசியை உறிஞ்சி, அளவெடுத்து, மின்னணு அடையாளச் சீட்டு ஒட்டி, பெட்டியில் வைத்து, வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட கிடங்குக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் நின்றதோ, அதே தட்டுக்குப் போக வேண்டும். அதற்குத்தான் அந்தச் சீட்டு.

வருடத்துக்கு ஒருமுறை பள்ளியில் 'ஸ்டாக்' எடுக்கும்போது 6,000 புத்தகங்களை எண்ணுவதற்குள் எனக்கு முதுகு ஒடிந்துவிடும். 2 லட்சம் என்றால்? அந்த ஊழியர்களுக்கு இங்கிருந்தே ஒரு கும்பிடு.

புத்தகங்கள் போய்விட்டனவே என்று கூடத்தை அவர்கள் பூட்டிவிடவும் இல்லை. காலியான கூடத்தின் நடுவே, ஒளிரும் பூமி உருண்டை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். லூக் ஜெராம் என்ற கலைஞரின் படைப்பு. விண்வெளியிலிருந்து பார்த்தால் பூமி எப்படித் தெரியுமோ அப்படி. வெறும் அலமாரிகளுக்கு நடுவில் நீல உருண்டை தொங்குவதைப் பார்க்கவே ஜனங்கள் வந்தார்கள்.

பன்றித்தோல் அல்ல, கன்றுத்தோல்!

கூட்டம் இங்கே வருவதற்கு முதல் காரணம் வேறொன்று. 'புக் ஆஃப் கெல்ஸ்' என்ற கையெழுத்துச் சுவடி. ஏறக்குறைய கி.பி. 800-ல் துறவிகள் கையால் எழுதி, வண்ணம் தீட்டிய லத்தீன் பைபிள் நூல். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நற்செய்திகளும் இதில் இருக்கின்றன. 680 பக்கங்களும் பதப்படுத்திய கன்றுத்தோல். 150-க்கும் மேற்பட்ட கன்றுகளின் தோல் தேவைப்பட்டிருக்கும் என்கிறார்கள்.

புனித நூல் என்றதும் ஒரே பயபக்தியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மிகப் பிரபலமான ஒரு பக்கத்தின் அடிப்பகுதியில் இரண்டு எலிகள் தேவாலய அப்பத்தைக் கொறித்துக்கொண்டிருக்கும். இரண்டு பூனைகள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். 1,200 வருடத்துக்கு முன்பு யாரோ ஒரு துறவி, சமையலறையில் பார்த்ததை வரைந்துவிட்டுத் தனக்குள் சிரித்திருப்பார் போலிருக்கிறது.

இந்த நூல் பட்ட பாடும் கொஞ்சமல்ல. 1007-ல் கெல்ஸ் ஊர் தேவாலயத்திலிருந்து களவுபோனது. சில மாதம் கழித்து மண்ணுக்கடியில் கிடைத்தது. திருடனுக்கு வேண்டியது பொன் வேலைப்பாடு மட்டும். அதைப் பிடுங்கிக்கொண்டு எழுத்தை விட்டுவிட்டான்! 17-ஆம் நூற்றாண்டில் இது டிரினிட்டிக்கு வந்து சேர்ந்தது. 2011-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பிடித்தது.

இத்தனை தூரம் போய் டிக்கெட் எடுக்கிறவர் பார்க்கப்போவது எத்தனை பக்கம் தெரியுமா? விரித்து வைத்த ஒரே இடம். அவ்வளவுதான். வெளிச்சம் பட்டால் வண்ணம் வெளிறும் என்பதால் மங்கலான விளக்கில், கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். போட்டோ எடுக்கக் கூடாது. 12 வாரத்துக்கு ஒருமுறை வேறு பக்கம் திருப்புவார்கள். ஒரே பக்கம் எல்லா வெளிச்சத்தையும் தாங்க வேண்டாமே! எதைக் காட்டுவது, எதை மூடிவைப்பது என்பதை அங்கே யாரோ ஒருவர் யோசித்துத்தான் முடிவு செய்கிறார்.

இதைப் படித்ததும் அக்கா மகள் போட்ட புதிர் ஞாபகம் வந்தது. சிலைகள்!

கணக்கு இதுதான்

லாங் ரூமின் இரண்டு பக்கமும் அலமாரிகளின் முன்னால் வெள்ளைப் பளிங்கில் மார்பளவுச் சிலைகள். 1743-ல் வாங்கத் தொடங்கியவை. ஹோமர், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ஷேக்ஸ்பியர், நியூட்டன், 'கலிவரின் யாத்திரை' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் என்று மொத்தம் 40 பேர்.

40 பேரும் ஆண்கள்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தக் கல்லூரிக்குள் பெண்கள் மாணவிகளாக நுழைந்ததே 1904-ல்தான். தொடங்கி 312 வருடம் கழித்து! அதுவரை தலைவராக இருந்த ஜார்ஜ் சால்மன் அதைக் கடுமையாக எதிர்த்தவர். "என் பிணத்தைத் தாண்டித்தான் பெண்கள் உள்ளே வர முடியும்" என்று அவர் சொன்னதாக அங்கே ஒரு கதை உலவுகிறது. அவர் இறந்ததும் 1904 ஜனவரியில்தான். உள்ளே வந்த பிறகும், மாலை 6 மணிக்கு மாணவிகள் வளாகத்தைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்ற விதி பல பத்தாண்டுகள் இருந்தது. அங்கே பரிசு வாங்கிய மாணவியும் ஆறு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

2020-ல் கல்லூரி ஓர் அறிவிப்பு செய்தது. லாங் ரூமில் நான்கு பெண்களின் சிலைகளை வைக்கப்போகிறோம், யாரை வைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்று மாணவர்கள், ஆசிரியர்கள், முன்னாள் மாணவர்களிடம் கேட்டது. 500-க்கும் மேற்பட்ட பரிந்துரைகள் வந்து குவிந்தன. அவற்றிலிருந்து நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, சிற்பிகளிடம் வேலையை ஒப்படைத்தார்கள். 2023 பிப்ரவரி 1, புனித பிரிஜித் நாள் அன்று திறந்துவைத்தார்கள். பிரிஜித், அயர்லாந்து மக்கள் கொண்டாடும் பெண் துறவி. அவர் நினைவாக அரசு விடுமுறை விட ஆரம்பித்ததும் அந்த வருடம்தான். இன்னொரு பொருத்தம்... அப்போது கல்லூரியின் தலைவர் லிண்டா டாயில். 2021-ல் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்.

பழைய சிலைகள் ஒன்றையும் அகற்றவில்லை. 40 பேரும் அப்படியே நிற்க, நான்கு பேர் நடுவே வந்து சேர்ந்தார்கள்.

யார் அந்த நால்வர்?

முதலாமவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டி.என்.ஏ. எப்படி முறுக்கிய ஏணிபோல் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க, இவருடைய ஆய்வில் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படம் முக்கியமான சான்று. 1962-ல் அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தபோது மேடையேறியது மூன்று ஆண்கள். ரோசலிண்ட் நான்கு வருடத்துக்கு முன்பே, 37 வயதில் புற்றுநோயால் இறந்துவிட்டார்.

இரண்டாமவர் ஏடா லவ்லேஸ். கம்ப்யூட்டர் என்ற பொருளே இல்லாத 1843-ல், சார்லஸ் பாபேஜ் மனதில் வரைந்த ஒரு கணக்கு இயந்திரத்துக்கு எப்படிக் கட்டளை கொடுக்கலாம் என்று குறிப்பெழுதியவர். இன்று ஐ.டி. கம்பெனிக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கெல்லாம் இவர்தான் மூத்தவர்.

மூன்றாமவர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட். பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான கல்வி வேண்டும் என்று 1792-லேயே புத்தகம் எழுதியவர். அதற்குமுன் அயர்லாந்தில் ஒரு பிரபு வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை பார்த்திருக்கிறார். பிரசவமான சில நாட்களில், 38 வயதில் இறந்துபோனார். அன்று பிறந்த மகள்தான் பிற்காலத்தில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி ஷெல்லி.

நான்காமவர் அகஸ்டா கிரிகோரி. நால்வரில் இவர்தான் அயர்லாந்துக்காரர். 39 வயதில் கணவரை இழந்தவர். ஐரிஷ் மொழி கற்று, கிராமம் கிராமமாகக் கதைகளைச் சேகரித்து, நாடகங்கள் எழுதி, டப்ளினின் புகழ்பெற்ற அபி தியேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அந்தத் தியேட்டர் திறந்த வருடமும் 1904!

இவரைப் பற்றிப் படிக்கும்போது ஒரு விஷயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவருடைய கணவர் சர் வில்லியம் கிரிகோரி, 1870-களில் இலங்கையின் கவர்னராக இருந்தவர். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தை 1877-ல் உருவாக்கியவர். கொழும்புக்குப் போயிருக்கிறவர்கள் அருங்காட்சியகத்தின் முன்னால் நிற்கும் அவர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். கணவர் அங்கே ஆள் உயரத்துக்கு நெடுங்காலமாக நிற்கிறார். மனைவிக்கு டிரினிட்டி நூலகத்தில் இடம் கிடைக்க 2023 ஆகிவிட்டது.

இன்னொரு பெண்மணி

சிலை இல்லாத ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். மேரி பாலர்ட். இதே நூலகத்தில் பழைய அச்சு நூல்களின் காப்பாளராக வேலை பார்த்தவர். தன் வாழ்நாளில் தேடித்தேடிச் சேர்த்த 10,000-க்கும் மேற்பட்ட சிறுவர் புத்தகங்களை இந்த நூலகத்துக்கே எழுதிவைத்துவிட்டார். 'குழந்தைகள் புத்தகம்தானே' என்று மற்றவர்கள் கிழிந்ததும் தூக்கிப்போட்டவற்றை இவர் பத்திரப்படுத்தினார். அதனால்தான் அந்தக் காலத்துக் குழந்தைகள் என்ன படித்தார்கள் என்று இன்று காட்ட முடிகிறது.

டப்ளின் போகிறவர்களுக்கு...

* பிள்ளைகள் அங்கே படிப்பதால் இப்போது நம் ஊர் அம்மா அப்பாக்கள் நிறையப் பேர் டப்ளின் போகிறார்கள். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டாம்.

* பழுதுபார்க்கும் வேலைக்காகப் பழைய நூலகத்தைச் சில வருடம் மூடப்போகிறார்கள். கிளம்பும்முன் கல்லூரியின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

* லாங் ரூமில் ஒரு பழைய யாழ் இருக்கிறது. அயர்லாந்தின் அரசுச் சின்னத்திலும் நாணயங்களிலும் இருப்பது இந்த யாழின் உருவம்தான். பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

* போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். புக் ஆஃப் கெல்ஸின் பக்கங்களைக் கல்லூரி இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. நேரில் போகிறவருக்கு ஒரே இடம்தான். செல்போனில் பார்க்கிற நமக்கு எலியும் பூனையும் உட்பட எல்லாம்!

இனி என் கணக்கு

நான் வேலை பார்த்தது பெண்கள் பள்ளி என்று சொன்னேன் இல்லையா? அந்த நூலகச் சுவரில் நான் என் கையால் வரிசையாகப் படங்கள் மாட்டியிருந்தேன். வள்ளுவர், கம்பர், பாரதியார், பாரதிதாசன், காந்தி, நேரு, அம்பேத்கர், தாகூர், ஷேக்ஸ்பியர், ஐன்ஸ்டீன், சி.வி.ராமன், அப்துல் கலாம். 12 படங்கள். ஆயுத பூஜைக்கு ஒவ்வொன்றையும் துடைத்துப் பொட்டு வைப்பேன். அந்த அறையில் இருந்த ஒரே பெண், பீரோ மேலிருந்த சரஸ்வதி.

ஒருநாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏன் மிஸ், ஔவையார் படம் இல்ல?" என்று கேட்டாள்.

"இடமில்லம்மா" என்றேன். புத்தகத்தில் சீல் குத்தி நீட்டினேன். அவளும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கேட்டவள் பெயர்கூட இப்போது நினைவில்லை. என் பதில் மட்டும் நினைவிருக்கிறது. புத்தகத்துக்கு இடமில்லை என்று கூரையையே உயர்த்தியவர்கள்கூட, பெண்களுக்கு இடம் ஒதுக்க இத்தனை காலம் எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் இருந்ததோ வெறும் சுவர். ஒரு ஆணி அடித்தால் போதும். 26 வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். படங்கள் அதே வரிசையில் இருக்கின்றன. இப்போதைய நூலகரிடம் டப்ளின் கதையைச் சொன்னேன். சின்னப் பெண், ஆர்வமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஆனா மேடம், சுவத்துல இடமில்லையே..." என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேருமாக அண்ணாந்து பார்த்தோம். ஜன்னலுக்கு மேலே இரண்டு படம் மாட்டலாம். கதவுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு.

யாருடைய படம் என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. ஒரு பழைய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு மேஜைமேல் வைத்திருக்கிறோம். மாணவிகள் பெயர் எழுதிப் போடலாம். அந்தப் பெட்டிக்குள் முதல் சீட்டைப் போட்டது நான்தான். அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணின் சார்பாக, ஔவையார் என்று எழுதினேன்.

மீதி மூன்று இடம் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியா, நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணனா, நமக்குத் தெரியாத இன்னொருவரா? பிள்ளைகள் என்ன எழுதப்போகிறார்கள் என்று பார்க்கலாம். முடிவு வந்ததும் இதே பகுதியில் சொல்கிறேன். அதற்குள் உங்கள் ஊர் நூலகத்துக்கு ஒருநடை போய், சுவரை அண்ணாந்து எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்களேன்!